காலி லாரியோடு பெண் பார்க்கப் போனவன்

எட்டாவதோடு பள்ளியை முடித்துக்கொண்ட எனக்கு முழுதாகத் தெரிந்த ஆங்கில வார்த்தை சவுண்டு ஒன்றுதான். எங்கள் பக்கம் அதை வைத்தே காலம் தள்ளிவிடலாம். கீழே நின்று கூப்பிட்டால் சவுண்டு கொடுப்பது. எகிறினால் சவுண்டு விடுவது. திருவிழாவுக்கு மைக் கட்டுகிறவர் சவுண்டு சர்வீஸ். பணக்காரர் சவுண்டு பார்ட்டி. எல்லா சவுண்டுக்கும் எனக்குப் பயம். (கடைசியில் சொன்ன ஆளைக் கண்டால் இன்றும் கொஞ்சம் உதறும்.)

அப்படிப்பட்டவன் பிழைப்புக்கு ஓட்டியது தண்ணி லாரி.

திருவொற்றியூரில் பெண் பார்க்கப் போகவேண்டிய ஞாயிற்றுக்கிழமை, மாதவரத்தில் லோடு இறக்கவே நேரமாகிவிட்டது. அம்மா ஆட்டோவில் முன்னாலேயே போய்விட்டாள். பஸ் வராவிட்டால்? வந்து, வழியில் நின்றுவிட்டால்? மாப்பிள்ளை வாயே திறப்பதில்லை என்று ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அம்மா தாங்கமாட்டாள். சட்டையை மட்டும் மாற்றிக்கொண்டு காலி லாரியோடு கிளம்பிவிட்டேன்.

பெண் வீட்டுத் தெருமுனையில் ஒரு நாய் படுத்திருந்தது. ஹாரனை லேசாகத்தான் தொட்டேன். சிக்கிக்கொண்டது. நாய் எழுந்து போன பிறகும் நிற்கவில்லை.

அந்தத் தெருவுக்குப் பல நாளாகத் தண்ணீர் வரவில்லை என்பது எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வீடு கதவு திறந்தது. பச்சை, நீலம், ஆரஞ்சு என்று குடங்கள் ஓடி வந்தன; பின்னாலேயே ஆட்கள். நான் இறங்குவதற்குள் வரிசை கட்டி, இடத்துக்குச் சண்டையும் தொடங்கிவிட்டது. முதல் ஆளாக, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரு பெண்.

"யோவ், பைப்ப எடு. இன்னா வேடிக்க பாத்துகினு கீற?"

ஒயரைப் பிடுங்கி ஹாரனை நிறுத்திவிட்டு, லாரியில் தண்ணீர் இல்லை என்றேன். எனக்கே கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டுவிட்டது.

"காலி லாரிய எட்டாந்தா இம்மாம் சவுண்டு வுட்ட?"

லாரிக்கு எதிரே இருந்த வீட்டு வாசலில் அம்மா தலையில் கைவைத்தபடி நின்றிருந்தாள். "டேய், அதாண்டா பொண்ணு."

லாரிக்கடியில் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது. பெண் குடத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். (வெட்கம் என்று நினைத்தேன். சிரிப்பாம்.) துறைமுகத்தில் வேலை பார்க்கும் அவளுடைய அப்பா என்னை ஏற இறங்கப் பார்த்தார். பையன் பேசவே மாட்டான் என்றுதான் தரகர் சொல்லியிருந்தாராம்.

"கல்யாண விசயத்த அப்பால பேசிக்கலாம் நைனா. மொதல்ல போய் ரொப்பிகினு வா."

ஓனரிடம் கெஞ்சி ரொப்பிக்கொண்டு வந்தேன். தெரு மொத்தத்துக்கும் ஊற்றி முடித்தபோது பேண்ட் முட்டிவரை நனைந்திருந்தது. உள்ளே தட்டு மாற்ற நாள் குறித்திருந்தார்கள்.

இன்றைக்கும் நாங்கள் வருகிறோம் என்று போன் செய்தால், என் மச்சான் வாசற்படி முழுக்கக் காலிக் குடங்களை அடுக்கிவைத்துவிடுகிறான். மாமியார் "வாங்க" என்பதற்கு முன்னால், "மாப்ள, லோடா காலியா?" என்றுதான் கேட்பார். பழப்பையைத் தூக்கிக் காட்டி, "லோடுதான் அத்தே" என்று சொன்னால்தான் குடங்கள் நகர்ந்து வழி விடும்.