துலாவில் தொங்கிய ஓய்வுகாலம்

வேலையிலிருந்து ஓய்வு பெற்றவனைக் கொஞ்சக் காலம் கட்டிப் போட்டு வைக்க வேண்டும். வயது ஐம்பத்தைந்து என்றாலும் அவனுக்கு வருவதெல்லாம் இருபது வயதுக்குரிய யோசனைகள். எனக்கும் வந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி. ஓய்வோடு காங்கேசன்துறைக் குவாட்டர்ஸையும் விட வேண்டியிருந்தது. பிள்ளைகள் தங்கள் தங்கள் வழியில் போய்விட்டார்கள்; எங்கே போவது என்பதில் எனக்கும் மனைவி பரமேசுக்கும் ஒத்துவரவில்லை. எனக்கு நீர்வேலியில் வாழைத்தோட்டத்தோடு ஒரு வீடு வேண்டும். அவளுக்கு யாழ்ப்பாணம் டவுனில் புறாக்கூடாக இருந்தாலும் போதும். ஏனென்று நான் கேட்கவில்லை. (முப்பது வருடக் குடும்ப அனுபவம்; கேட்டால் பதில் சொல்லிவிடுவாள்.)

"முதல்லை வந்து பாரும், பிறகு கதையும்" என்று நீர்வேலிக்குக் கூட்டிப் போனேன். வாடகைக்கு விட இருந்த வீட்டை அதன் சொந்தக்காரர் செல்லத்துரை அண்ணை சுற்றிக் காட்டி, கிணற்றுத் தண்ணீரும் அள்ளித் தந்தார். இளநீர் தோற்றுவிடும். "நல்ல தண்ணி" என்றாள் பரமேசு. பாதி வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். "தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறன்" என்று அவர் உள்ளே போனார்.

"உங்களாலை தோட்டம் செய்ய ஏலுமே? ஒரு தென்னோலையை இழுத்தாலே நாரி பிடிச்சு நிமிர ஏலாமல் நிக்கிறியள்" என்றாள் பரமேசு.

அந்த இடத்தில் நான் வாயை மூடியிருக்கலாம். கிணற்றடியில், பம்பு வந்தபிறகு யாரும் தொடாத பழைய துலா நின்றது. நட்ட மரத்தின் உச்சியில் குறுக்கே ஆடும் நீள மரம் அது. அதன்மேல் ஒருவர் முன்னும் பின்னும் நடந்தால், முனையில் கயிற்றில் தொங்கும் வாளி கிணற்றுக்குள் போய் வரும்.

"நான் துலா மிதிச்ச ஆள், தெரியுமே?" என்றேன். (மிதித்தது ஒரே ஒரு தரம். ஐயாவே தூக்கி ஏற்றி, நான் குழறியதும் அவரே இறக்கினார்.) "நீர் கயித்தைப் பிடியும். இண்டைக்குப் பாரும்."

ஏறினேன். இரண்டு எட்டு வைத்திருப்பேன். பிடித்து நடக்கக் கட்டியிருந்த மூங்கில் உக்கிப்போய்க் கையோடு வந்தது. அப்படியே குந்தி மரத்தைக் கட்டிப்பிடித்தேன். என் பக்கம் மெல்லத் தாழ்ந்தது. பரமேசு கயிற்றில் முழுப்பாரத்தையும் போட்டு இழுத்தாள். துலா நேரானது. அவள் விட்டால் நான் போய்விடுவேன் என்பது எங்கள் இருவருக்கும் விளங்கியது.

செல்லத்துரை அண்ணையைக் கூப்பிட வாயைத் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.

"விட்டிடாதையும்!" என்றேன் ஒருவாறு.

"விடேல்லை. இப்ப சொல்லுங்கோ, டவுனோ தோட்டமோ?"

"இதுவோ கேக்கிற நேரம்?"

"கீழை நிண்டா நீங்கள் நான் சொல்லிறதைக் கேக்கிறியளே? இரவிலை எனக்கு இழுப்பு வந்தா என்ன செய்யிறது? உங்கடை வாழைக்குலையோ என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்?"

அவளுக்கு இழுப்பு இருந்தது எனக்குத் தெரியும். அதை மாரிகாலத்துத் தடிமன்போல நினைத்திருந்தேன். எத்தனையோ இரவு என்னை எழுப்பாமல் தனியே குந்தியிருந்து மூச்செடுத்தவள் இவள் என்பது அந்த உயரத்தில்தான் உறைத்தது. வெட்கமாக இருந்தது. அதோடு இன்னொன்றும் கேட்டது: கீழே அவளுடைய மூச்சு விசிலடிக்கத் தொடங்கியிருந்தது.

"டவுன்தான் பரமேசு, டவுன்தான்! கயித்தை விடும், நான் விழுந்தா விழுறன்!"

"விடமாட்டன்" என்றாள். கயிறு கேட்கவில்லை. வழுக்கிக்கொண்டு போனது.

நான் வாழைகளுக்கு நடுவே சேற்றில் கிடந்தேன். மரம் ஒன்று முறிந்து, அதன் கப்பல் இன வாழைக்குலை என் நெஞ்சில் இருந்தது. செல்லத்துரை அண்ணை தேநீர்த் தட்டத்தோடு வந்து நின்று பார்த்தார். என்னைப் பார்த்தார், குலையைப் பார்த்தார்.

"தம்பி, அது இன்னும் முத்தேல்லை" என்றார்.

கிணற்றுக்கட்டில் குந்தி மூச்சு இழுத்துக்கொண்டிருந்த பரமேசு சிரித்தாள். சிரிக்கச் சிரிக்க இழுப்புக் கூடியது. எனக்கு அழுகை வந்தது.

டவுன் வீட்டுக்குள் நாங்கள் கொண்டுபோன முதல் சாமான் அந்தக் குலை. வாய் அலுக்கும்வரை வாழைக்காய்க் கறி.

சில வருடங்களில் சண்டை டவுனுக்குள்ளேயே வந்தது. ஷெல்லுக்குப் பயந்து ஒரு சைக்கிளும் இரண்டு பெட்டியுமாக ஓடினோம். வேறு எங்கே, நீர்வேலிக்குத்தான். செல்லத்துரை அண்ணை படலையைத் திறந்துவிட்டார். "இருங்கோ. ஆனா தம்பி, துலாவிலை மட்டும் ஏறாதையும்." (டீசல் இல்லாமல் பம்பு நின்றுபோய், துலாவுக்குத் திரும்பவும் மவுசு வந்திருந்தது.)

டவுன் கொஞ்சம் அடங்கியும் நாங்கள் நீர்வேலியிலேயே இருந்தோம். ஒரு விடியற்காலை பரமேசுக்கு இழுப்பு வந்தது. முன்பெல்லாம் வராத மாதிரி. பஸ் இல்லை, கார் இல்லை. சந்தைக்குக் குலை ஏற்றிய மாட்டுவண்டில் ஒன்றுதான் ஒழுங்கையில் நின்றது. குலைகளை விலக்கி அவளைச் சாய்த்தோம். மாடு தன் பாட்டில் நடந்தது. பரமேசின் உதடு நீலமாகிக்கொண்டு வந்தது. அவள் கையைப் பிடித்தபடி, தெரிந்த தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கோப்பாய் தாண்டும்போது அவள் பக்கத்துக் குலையைத் தொட்டாள்.

"உங்கடை... குலைதான்... கொண்டு போகுது..."

"கதையாதையும்" என்றேன்.

பிழைத்தாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுக்க முடியாவிட்டால் பிள்ளைகள், "அப்பாவைத் துலாவிலை ஏத்துங்கோ" என்பார்கள். சிரித்தால் பரமேசுக்கு இழுக்கும். ஆனாலும் யார் வந்தாலும் அந்தக் கதையை அவள்தான் சொல்ல வேண்டும். குலை முத்தாத இடம் வரும்வரை ஒருவரையும் எழும்ப விடமாட்டாள். நான் பக்கத்தில் மருந்தோடு இருப்பேன்.