பட்டுச்சேலை டாக்குமெண்ட்ரி

பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுகிறவள் கட்டுரை எழுத வந்திருப்பதைப் படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வேறு யாராவது எழுதினால் என் மானம் இன்னும் அதிகமாகப் போகும் என்ற பயத்தில்தான் எழுதுகிறேன்.

என் மகள் கவிதா மாட்டுங்காவில் ஒரு கல்லூரியில் மீடியா படித்தாள். கடைசி வருடம் ஒரு சின்ன வீடியோ எடுத்துக் கொடுக்க வேண்டும். அது தேறாவிட்டால் அந்த வருடமே போச்சு. அவளும் கூடப் படிக்கும் ரோஹனும் தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் உட்கார்ந்து, 'ஃபார்மேட்' என்ன என்று சண்டை போட்டார்கள். பேட்டியா, நாடகமா, டாக்குமெண்ட்ரியா? விஷயம் மட்டும் முடிவாகியிருந்தது: நான் காலையில் இட்லி அவித்து விற்பது.

முதலில் பேட்டி. ரோஹன் கேமராவை என் பக்கம் திருப்பினான்.

"உன் பேரைச் சொல்லும்மா" என்றாள் கவிதா.

நான் கேமராவுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன். (பெற்ற மகளிடமே, "நீயே சொல்லுட்டி" என்று கெஞ்சினேன்.) பேட்டி ரத்து. பேரே வராதவளுக்கு வசனம் எங்கே வரும்? நாடகமும் ரத்து.

"அப்ப டாக்குமெண்ட்ரிதான். யம்மா, நீ பேசவே வேண்டாம். நாங்க இல்லைன்னு நெனச்சுக்கிட்டு எப்பவும்போல இட்லி அவி. டென்ஷன் மத் லே, டென்ஷன் எடுக்காத."

டென்ஷன் எடுக்காமல் எப்படி? என்னால் பிள்ளை ஃபெயிலாகிவிட்டால்? குழாயடிச் சண்டை எதுவும் வீடியோவில் விழுந்துவிடக் கூடாதே என்று, பக்கத்து வீட்டுப் பேச்சியக்காவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னேன்: "நாளைக்குக் காலையில எங்க வீட்டுல வீடியோ எடுக்காவ. கொஞ்சம் பாத்துக்கிடுங்கக்கா."

எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடியோ வந்தால் கல்யாணம், நிச்சயம், சடங்கு, இந்த மூன்றுக்குத்தான் வரும். இது எனக்கும் தெரியும். பதற்றத்தில் மறந்துவிட்டது.

காலையில் அண்டா மூடியைத் திறந்தேன். ஆவி விலகியதும் பார்த்தால், சந்து முழுக்கப் பட்டுச்சேலை! தலை நிறையப் பூ, முகம் நிறையப் பவுடர். ரோஹன் கேமராவைத் தூக்கியதுதான் தாமதம், ஒவ்வொரு குடும்பமாக அண்டா முன்னால் வந்து, கையைத் தொங்கப் போட்டு, மூச்சுக்கூட விடாமல் நின்றது. அவர்கள் ஒதுங்கியதும் அடுத்த குடும்பம்.

கேமராவைக் கவிதாவிடம் கொடுத்துவிட்டு ரோஹன் ஒழுங்குபடுத்த வந்தான். பேச்சியக்கா அவன் நெற்றியில் சந்தனம் வைத்துவிட்டாள்.

"மராட்டிக்காரன்னா என்னளா, லெட்சணமாத்தான இருக்காரு மாப்பிள்ளை! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

தமிழ் தெரியாத ரோஹன், "தேங்க்யூ ஆன்ட்டி" என்று அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டான். குலவைச் சத்தம் கிளம்பியது.

"ஐயோ, அது கூடப் படிக்கிற பையன்!" என்று நான் கத்தியிருக்க வேண்டும். என்ன செய்தேன்? எல்லாரும் பட்டில் நிற்க, நான் மட்டும் மாவு ஒட்டிய நைட்டியில் நிற்கிறேனே என்று உள்ளே ஓடினேன். கல்யாணச் சேலையைச் சுற்றிக்கொண்டு வந்து, ரோஹன் பக்கத்தில் நின்று, கேமராவைப் பார்த்துச் சிரித்தேன்.

"யம்மா, நீயுமா!" என்று அலறினாள் கவிதா. அண்டாவில் தண்ணீர் வற்றிக் கருகல் நாற்றம் வந்தது.

மத்தியானம் கல்லூரியில் அதைப் பார்த்த ஆசிரியர், "இது எந்த ஃபார்மேட்?" என்று கேட்டாராம். ஒரே ஒரு நாள் தவணை கொடுத்தாராம்.

இன்றைக்கும் யாராவது போட்டோ எடுக்க மொபைலைத் தூக்கினால் என் வீட்டுக்காரர், "இருங்கடே, அவ பட்டு கட்டிட்டு வரட்டும்" என்பார்.

தவணை கிடைத்த மறுநாள் பிள்ளைகள் மாஹிமில் ரோஹன் வீட்டுக்குப் போய், அவன் அம்மாவைப் பேட்டி எடுத்துக் கொடுத்தார்கள். தேறிவிட்டது. "ஏளா, கவிதா எங்க?" என்று பேச்சியக்கா கேட்டாள். ரோஹன் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். பொண்ணு வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்த்தாச்சு என்று சாயங்காலத்துக்குள் சந்து முழுக்கத் தெரிந்துவிட்டது.