ஊரார் வருத்தமெல்லாம் என் உடம்பில்

எனக்கு எண்பத்தேழு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அவர்களுக்குக் காய்ச்சல், சளி, அம்மாள் வருத்தம் என்று எல்லா நோயும் வந்தன. எனக்கு ஒன்றும் வரவில்லை. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. (பெருமைக்குத்தான் சொல்கிறேன்.) அப்படிப்பட்ட உடம்பை ஒருநாள் நானே அம்புலன்சில் ஏற்றி அனுப்பினேன்.

அது தொண்ணூறுகளின் பின்பாதி. இந்தக் குளிர் தேசத்தில், நகரத்துக்குள் இருக்கிற பார்க்டேலில் ஒரு மாடிக் கட்டடத்தில் தனியாக இருந்தேன். நகரத்துக்கு வெளியே மார்க்கம் என்ற ஊரில் வீடு வாங்கிய மூத்த மகன் என்னைத் தன்னோடு வந்து இருக்கும்படி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து கேட்பான். நல்ல பிள்ளைதான். ஆனால் மார்க்கத்தில் பால் வாங்குவதற்கும் யாராவது காரை எடுக்க வேண்டும். பார்க்டேலில் என்றால் நினைத்த நேரம் படியிறங்கி, கத்தரிக்காய்க்கு விலை பேசி, ஸ்ட்ரீட்காரில் ஏறி வீடு திரும்புவேன். வீட்டைப் பூட்டித் திறக்கிற திறப்பு என் பேர்சுக்குள் இருக்கும். உடம்புக்கு ஏதும் வந்தால் மறுபேச்சில்லாமல் வருகிறேன் என்று மகனுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஒன்றும் வராது என்ற தைரியம்.

அந்த நாளில்தான் அரசாங்கம் ஒரு வேலை பார்த்தது. அதுவரை வயது போனவர்களுக்கு மருந்து சும்மா கிடைத்தது. இனி ஒவ்வொரு மருந்துக்கும் பார்மசியில் கொஞ்சம் கட்ட வேண்டும் என்று வந்தது. கொஞ்சம்தான். ஆனால் சும்மா வந்ததற்குக் காசு கேட்டால் அது கொஞ்சமாகவா தெரியும்? கட்டடம் முழுக்க அதே பேச்சு. வருத்தக்காரரை விட எனக்குத்தான் கூடக் கோபம். ஒரு மருந்துக் குளிசையும் போடாத எனக்கு ஏன் கோபம் என்று கேட்பீர்கள். நாளைக்கு வரப்போகிற வருத்தத்துக்கு இன்றைக்கே அழுகிற ஆள் நான்.

நாங்கள் ஐந்தாறு பெண்கள் சீட்டுப் பிடித்துக்கொண்டிருந்தோம். மாதாமாதம் எல்லாரும் காசு போடுவோம், பெயர் விழுந்தவள் முழுவதையும் எடுப்பாள். எனக்கு ஒரு யோசனை உதித்தது. மருந்துக்கும் சீட்டுப் பிடித்தால் என்ன? மாதம் ஒருத்தி டொக்டரிடம் போய் எல்லாருடைய வருத்தத்தையும் தன்னுடையது என்று சொல்ல வேண்டும். பெரிய போத்தலாக மருந்து எடுத்துவந்து பங்கு போட வேண்டும். பார்மசிக்குக் கட்டுவது ஒருத்தி மட்டும்.

அடுத்த வீட்டுப் பூமணி வாயைப் பிளந்தாள். "உனக்கு உந்த மூளை இவ்வளவு நாளும் எங்கையடி இருந்தது?"

மேல்மாடியில் இருந்த மன்னார்க்காரி திரேசம்மாதான் சிலுவை போட்டுக்கொண்டு தயங்கினாள். "பொய் சொல்லுறது பாவமெல்லே, அக்கா?"

"வருத்தம் உண்மைதானே. ஆள்தானே மாறுது" என்று நான் விளக்கம் கொடுத்தேன்.

பெயர்களைத் துண்டில் எழுதிப் தகரப் பேணிக்குள் போட்டுக் குலுக்கினோம். விழுந்தது என் பெயர். கட்டடத்திலேயே சுகமான ஆளுக்கு முதல் மருந்து!

செய்வதைத் திருந்தச் செய்ய வேண்டும் என்பது என் கொள்கை. பூமணியைப் போல நெஞ்சைத் தடவப் பழகினேன். திரேசம்மாவைப் போல இரண்டு படிக்கு ஒருதரம் நின்று மூச்சு வாங்கப் பழகினேன். நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு டொக்டரிடம் போனேன்.

டொக்டர் ஒரு தமிழ்ப் பிள்ளை, என் கடைசி மகளின் வயது இருக்கும். நான் ஆறுதலாகத் தொடங்கினேன். நெஞ்சு எரிகிறது. நித்திரை இல்லை. நடந்தால் மூச்சு வாங்குகிறது. படுத்தால் இன்னும் முட்டுகிறது, தலையணையை உயர்த்தி வைத்தாலும் சரிவரவில்லை. பின்னேரமானால் கால் வீங்குகிறது. காலைக் காட்டச் சொன்னார். காலையில் வற்றிவிடும் என்றேன். (அந்த நேரத்துக்கு எப்படித்தான் வாயில் வந்ததோ!) நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார். பொய் சொன்ன பயத்தில் அது தவில் மாதிரி அடித்துக்கொண்டிருந்தது.

பேனையை எடுத்து மருந்து எழுதுவார் என்று பார்த்திருந்தேன். அவர் ரெலிபோனை எடுத்தார்.

என்னைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி அம்புலன்சில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் நெஞ்சு முழுக்க வயர்கள். நல்ல சேலை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கிடந்தது. வேலை உடுப்போடு ஓடிவந்த மகனின் முகத்தில் இரத்தமே இல்லை.

"அம்மா, இனி ஒரு கதையும் இல்லை. சனிக்கிழமை வீட்டைக் காலி செய்யிறம்" என்றான்.

என் திறப்பைக் கேட்டுக் கையை நீட்டினான். கொடுத்தேன். உண்மையைச் சொன்னால் மானம் போகும், சொல்லாவிட்டால் பார்க்டேல் போகும். இரண்டையும் மாறி மாறி நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

மாலையில், தன் வேலையை முடித்துவிட்டு, பனிச் சப்பாத்தோடு அந்த டொக்டர்ப் பிள்ளை என்னைப் பார்க்க வந்தது. என்னைப் போல ஒரு கிழவிக்காகக் குளிருக்குள் வந்ததே! இன்றைக்கு நினைத்தாலும் கும்பிட வேண்டும் போல இருக்கிறது. வந்து, என் நெஞ்சுப் படங்களைப் பார்த்து, கட்டில் ஓரத்தில் இருந்தது.

"அன்ரி, உங்கடை இதயம் என்ரை இதயத்தை விடத் திறம். உண்மையைச் சொல்லுங்கோ. உதெல்லாம் ஆற்றை வருத்தம்?"

மகன் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"நெஞ்செரிவும் நித்திரையும் பூமணியின்ரை. மூச்சும் காலும் திரேசம்மாவின்ரை."

ஏச்சு விழும் என்று கண்ணை மூடினேன். விழவில்லை. திறந்து பார்த்தால் அந்தப் பிள்ளையின் முகம் மாறியிருந்தது.

"படுத்தால் முட்டுறதும் அவவுக்குத்தானோ?"

"ஓம்."

"அவவின்ரை நம்பரைத் தாங்கோ."

அன்று மாலையே திரேசம்மாவும் அம்புலன்சில் வந்து சேர்ந்தாள். நான் நடித்தது அவளுக்கு உண்மையிலேயே இருந்தது. இதயம் களைத்து, உடம்பில் தண்ணீர் கட்டியிருந்ததாம். இரண்டு வேலை செய்கிற மகளைக் கரைச்சல்படுத்தக்கூடாது என்று வீட்டிலும் டொக்டரிடமும் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள். சுகமாகி வந்து மகளின் கல்யாணமும் பார்த்து, பல வருடம் இருந்தாள்.

சிரிப்பதா ஏசுவதா என்று மகனுக்குத் தெரியவில்லை போலும். டொக்டர்தான் அவனுக்குச் சொன்னது, அம்மா ஏறி இறங்கி நடந்து திரிவதால்தான் உடம்பு இப்படி இருக்கிறது, மார்க்கத்தில் சோபாவில் இருத்தினால் பிறகு உண்மையாகவே தன்னிடம் கொண்டுவர வேண்டிவரும் என்று. அவன் திறப்பைத் திருப்பித் தந்தான். அந்தத் திறப்பு இன்றைக்கும் என்னிடம்தான்.

பிறகு அந்தப் பிள்ளை எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு இருத்திப் புத்தி சொன்னது. ஆளாளுக்கு உடம்பு வேறு, ஒருத்தியின் குளிசை மற்றவளைக் கொன்றுபோடும், அவரவர் வருத்தத்தோடு அவரவர் வாருங்கள் என்றது. எப்போதும் எடுக்கிற மருந்தென்றால் சில மாதத்துக்குச் சேர்த்து எழுதித் தரும். பார்மசிக்கு ஒருதரம் கட்டினால் போதும். அதே மருந்தில் விலை குறைந்தது இருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். எனக்கு என்ன வழி என்று கேட்டேன்.

"நீங்கள் நடவுங்கோ அன்ரி. அதுக்கு ஒருத்தரும் காசு கேட்கமாட்டினம்."

(அம்புலன்சுக்குக் கேட்டார்கள். சில்லறையை மிச்சம் பிடிக்கப்போன நான் அதை வாயைப் பொத்திக்கொண்டு கட்டினேன்.)

இப்போது எங்கள் குடும்பத்தில் யாரும் தலையிடி என்று படுக்க முடியாது. பள்ளிக்கூடம் போகப் பஞ்சிப்பட்டு வயிற்றைப் பிடிக்கிற பூட்டப்பிள்ளை தொடக்கம் என் மூத்த மருமகள் வரை எல்லாரிடமும் ஒரே கேள்விதான்: "உது ஆற்றை வருத்தம்?"

நான் சொன்னதை எல்லாம் எழுதிப்போட்டியோ, மோனை? சரி, தொடக்கத்திலிருந்து ஒருக்கா வாசி பாப்பம். திரேசம்மாவின்ரை இடம் வரேக்கை மட்டும் கொஞ்சம் ஆறுதலாய் வாசி.