கடைசியிலிருந்து பார்த்த கப்பல் கதை

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது நாலு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது, என் நாத்தனார் பாக்கியத்தின் மகன். (அவன் என்னைத்தான் அம்மா என்பான். பாக்கியத்துக்கு அதில் இன்றைக்கும் கோபம்.) நான் படித்தது மூன்றாம் வகுப்பு. ஆனால் என் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தவர். அவரோடு சில வருடம் அந்த நாட்டில் குடித்தனம் செய்தபோது, காய்கறிக் கடையில் சண்டை போட்டுப் போட்டே பிரெஞ்சு கற்றுக்கொண்டேன். எழுத வராது, பேசினால் விளங்கும். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் யாருக்குப் பிரெஞ்சில் போன் வந்தாலும் என் கையில்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். அந்தப் பெருமைதான் ஒருநாள் என்னைக் கவிழ்த்தது.

பாரீசில் இருக்கும் என் பெரிய மகளின் பிள்ளை லீவுக்கு வந்திருந்தான். கையோடு ஒரு ஜப்பான் கார்ட்டூன் தொடரைக் கொண்டுவந்து, இங்கேயே உட்கார்ந்து பார்த்து முடித்து, எங்களுக்கே விட்டுவிட்டுப் போனான். பேச்சு முழுக்கப் பிரெஞ்சு. வட்டு வட்டாக டிவிடி, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தது.

பகல் சாப்பாடு முடிந்தால் வீட்டில் நான், என் வீட்டுக்காரர், எங்களோடே இருக்கும் பாக்கியம் என்று மூன்று கிழங்கள்தான். பார்க்கலாம் என்று உட்கார்ந்தோம். என் வீட்டுக்காரருக்குப் பட்டாளத்துப் பழக்கம் ஒன்று உண்டு. சட்டையோ தட்டோ தலையணை உறையோ, அடுக்கில் மேலே இருப்பதைத்தான் எடுக்க வேண்டும். நடுவில் கைவிட்டால் அன்றைக்கு வீட்டில் அணிவகுப்புதான். ஆகவே மேலே இருந்த வட்டை எடுத்துப் போட்டோம். அது முடிந்ததும் அடுத்தது. வட்டின்மேல் பொடி எழுத்தில் எண் இருந்ததாம். கண்ணாடி போடுவது படம் பார்க்க, வட்டைப் பார்க்கவா?

கதை இதுதான். பூமி காய்ந்துபோய், ஒரு ஊரே கப்பலில் ஏறி ஆகாயத்தில் போய்க்கொண்டிருக்கிறது. கப்பலுக்குத் தலைவி ஒரு பெண்பிள்ளை. அவள் வளர்க்கும் இயந்திரப் பிள்ளை ஒன்று உண்டு. நாங்கள் போட்ட முதல் வட்டிலேயே அது வளர்த்தவள் பேச்சை மீறி, கதவைப் பூட்டிக்கொண்டு, கப்பலையே திருப்பிவிடுகிறது. அப்புறம் வட்டுக்கு வட்டு அது திருந்திக்கொண்டே வந்தது. கடைசியில் தலைவியின் மடியில் உட்கார்ந்து கதை கேட்டது. நான் அழுதுவிட்டேன். என் இரண்டாவது மகனும் அப்படி ஆடி அடங்கியவன்தான்.

பாக்கியத்துக்கு இது பேய்க்கதை. போன வட்டில் செத்தவன் இந்த வட்டில் இட்லி மாதிரி எதையோ பிய்த்துத் தின்கிறானே என்பாள். வருங்காலத்து வைத்தியம் அப்படி என்று அவளை அடக்கினேன். என் வீட்டுக்காரருக்கோ இது ஒழுங்கீனத்தின் கதை. தலைவியின் தோளில் இருந்த பட்டைகள் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசியில் அவள் தரை துடைத்தாள். தண்டனை சரிதான் என்றார். நான்தான் இருவருக்கும் மொழிபெயர்ப்பு. சில இடத்தில் பேச்சு கதையோடு ஒட்டவில்லை. ஒட்டாத இடத்தை நானே ஒட்டினேன்.

இந்தச் சமயத்தில்தான் மகன் வழிப் பேத்தி யாழினியைப் பெண் பார்க்க ரெட்டியார்பாளையத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை அருணுக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் வேலை. இரண்டு பேரும் ஏற்கெனவே பழகி மனசுக்குள் முடித்துவைத்திருந்தார்கள். அவன் அம்மா வசந்தா, கணக்கு டீச்சராக இருந்து ரிடையரானவர், அவர் தலையாட்டினால்தான் கல்யாணம். வீட்டு மனுசாளைப் பார்த்த பிறகுதான் சொல்வேன் என்றிருந்தார். யாழினி காலையிலேயே என் காதைக் கடித்தாள். “ஆயா, நீ கம்மியா பேசு.”

கேசரி வரைக்கும் கம்மியாகத்தான் பேசினேன். அதற்குள் வசந்தாவின் கண் டிவி மேல் இருந்த டப்பாவில் விழுந்தது. அவர் மகனுக்கு அந்தத் தொடர் என்றால் உயிராம், அவரும் கூட உட்கார்ந்து முழுக்கப் பார்த்தவராம்.

“அந்த மெஷின் புள்ள பண்ணத பாத்தீங்களா? வளத்தவளையே கவுத்துட்டுது” என்றார்.

கவிழ்த்தது உண்மை, ஆனால் அப்புறம் திருந்திவிட்டதே என்றேன். எங்கே திருந்தியது, கதைதான் அதோடு முடிந்துவிடுகிறதே என்றார் அவர். நீங்கள் முழுக்கப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்றேன். ஒன்று விடாமல் பார்த்தேன் என்றார். யாழினி என் இடுப்பைக் கிள்ளினாள். கிள்ளினால் நிற்கிற வண்டியா இது?

“பாத்தா போதுமா? பாஷை தெரியணுமில்ல” என்றேன். அதோடு விட்டிருக்கலாம். “கெட்ட புள்ளய நல்ல புள்ளயா ஆக்கத் தெரிஞ்சவங்களுக்குத்தாங்க இந்தக் கதை புரியும்.”

அவருடைய ஒரே பிள்ளை, கேசரித் தட்டோடு எதிரில் உட்கார்ந்திருக்கிறது. வசந்தா தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். யாழினியின் முகம் செத்துவிட்டது. என் மகன் என்னைப் பார்த்த பார்வையில், ஐந்து பேரை வளர்த்த கணக்கெல்லாம் அழிந்துபோயிற்று. பேத்தியின் வாழ்க்கையை ஒரு பொம்மைப் படத்துக்காகத் தொலைத்துவிட்டேனே.

அருண்தான் மெல்லக் கேட்டான். “ஆயா, நீங்க போட்ட மொத டிஸ்க்ல கேப்டனுக்கு முடி எப்படி இருந்துச்சு?”

“நரச்சிருந்துச்சு.”

“கடைசி டிஸ்க்ல?”

“ரெட்ட சட.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். தோள் குலுங்கியது. “ஆயா, நீங்க கடைசிலேர்ந்து மொதலுக்குப் பாத்திருக்கீங்க.”

பேரன் பார்த்து முடித்த வட்டுகளை மேலே மேலே போட்டுவைத்திருக்கிறான். என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் தேடிப் போட்டு, ஒவ்வொரு வட்டாகத் தூக்கிப் பார்த்தார். பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே கேட்டார்:

“அப்ப அந்தப் பொண்ணுக்கு பிரமோஷனா?”

வசந்தாவுக்குப் புரை ஏறிவிட்டது. சிரிப்பா இருமலா தெரியவில்லை. பாக்கியம் முதுகில் தட்டினாள். கொஞ்சம் அடங்கியதும், செத்தவன் எழுந்து வந்தபோது என்ன நினைத்தீர்கள் என்று கேட்டார். வைத்தியம் என்றேன். மறுபடி புரை ஏறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“என் புள்ள நான் எது சொன்னாலும் சரிம்மான்னு எழுந்து போயிடும். இந்த வீட்லதான் எங்கூட சண்ட போட ஒரு ஆளு இருக்கு. ஞாயித்துக்கெழம வரேன், மொதல்லேர்ந்து பாப்போம். தட்டையும் அன்னிக்கே மாத்திக்கலாம்.”

கைப்பையைக் கீழே வைத்துவிட்டு மிச்சக் கேசரியைச் சாப்பிட்டார்.

சொன்னபடி வந்தார்கள், தட்டு மாற்றினோம், நேராகவும் பார்த்தோம். எனக்குப் பிடிக்கவில்லை. நேரே போனால் ஒவ்வொருவராகச் சாகிறார்கள், பிள்ளை கெட்டுப்போகிறது. எங்கள் வழியில் செத்தவர்களெல்லாம் திரும்பி வந்து, பிள்ளை மடிக்கு வந்து, கப்பல் புறப்பட்ட வாசலுக்கே வந்து சேர்ந்து, தலைவியின் அம்மா அவளுக்குத் தலை பின்னிவிடுகிறாள். எது நல்ல கதை, நீங்களே சொல்லுங்கள். சம்பந்தி இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. தீபாவளிக்குத் தீபாவளி இந்தச் சண்டை உண்டு.

எங்கள் வீட்டில் யாராவது சட்டைக்குக் கீழ்ப் பொத்தானை முதலில் போட்டாலும், இலையில் பாயசத்தில் ஆரம்பித்தாலும், “ஆயா வரிசை” என்பார்கள். என் பேரைக் கெடுத்துக்கொண்டது நானே, ஆகவே நானும் சிரித்துக்கொள்கிறேன்.

எழுதி முடித்துவிட்டேன். யாழினி, கொஞ்சம் வந்து இதை எனக்குப் படிச்சுக் காட்டும்மா. தாளை எழுதி எழுதி மேலே மேலே வெச்சிருக்கேன். தாத்தா சொல்றாருன்னு மேல இருக்கறத எடுக்காதே. அடியிலேர்ந்து ஆரம்பி.