நாலு நிமிசத்து மாமா

ஓட்டோவிலிருந்து இறங்கிய மனிதரைக் கண்டதும், முற்றம் கூட்டிக்கொண்டிருந்த ஹிதாயாவின் கையிலிருந்த தும்புத்தடி கீழே விழுந்தது.

"இஞ்சாருங்கோ, கெதியா வாங்கோ! கடலரசன் வந்து நிக்கிறார்!"

கடலரசன் அவளுக்குப் பிடித்த நடிகர். புதிதாக வந்த ஒரு காதல் சிரிப்புப் படத்தில் மாப்பிள்ளையின் தாய்மாமனாக நாலே நிமிடம் வருவார். பெண் வீட்டுப் பலகாரத் தட்டைத் தள்ளிவிட்டு, "இந்தக் கலியாணம் நடக்காது!" என்று எழும்புவார். எழும்பும்போது உட்கார்ந்திருந்த கதிரையும் ஒட்டிக்கொண்டு கூடவே எழும்பும். அந்தப் படத்தின் கதாநாயகன் பெயர்கூட ஹிதாயாவுக்குத் தெரியாது. அந்த நாலு நிமிடத்தை மட்டும் போனில் பதினேழு தடவை பார்த்தவள் அவள்.

"மீசையைக் காணேல்லையே," என்றார் கணவர் பாஹிம்.

"மூக்கில மச்சம் இருக்கே! தலைமன்னாரில படம் எடுக்கிறாங்க எண்டு எருக்கலம்பிட்டி முழுக்கக் கதைக்குது. நீங்க எந்த உலகத்தில இருக்கிறீங்க?"

நல்லகாலம், மனிதர் இன்றைக்கு வந்தார். நாளைக்கென்றால் இந்த வீட்டில் சினிமா என்று வாயே திறக்கக் கூடாது. மகள் றிம்ஷாவைப் பெண் பார்க்கப் புத்தளத்திலிருந்து மாப்பிள்ளையின் தாய்மாமன் ஜுனைதீன் ஹாஜியார் வருகிறார். அவரை இங்கே யாரும் கண்டதில்லை. ஆனால் படம் பார்க்கிற வீடென்றால் வாசலோடு திரும்பிவிடுகிற குடும்பம் என்று கேள்வி. அதற்காகவே காலையில் ரீவியை அலுமாரிக்குள் தள்ளி, மேலே நாலு பெட்சீற்றைப் போட்டு மூடியிருந்தாள்.

றிம்ஷாவுக்கு ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போனது. மாப்பிள்ளை றிபாத்தை அவளுக்குப் பிடித்தும் போயிற்று. இதுவும் தவறினால் அந்தப் பிள்ளையின் முகத்தில் முழிக்க ஹிதாயாவால் ஏலாது.

வந்தவர் ஸலாம் சொன்னார். "நாளைக்கு எனக்கு வர ஏலாமப் போச்சு. அதுதான்..."

"அதெல்லாம் கிடக்கட்டும். முதல்ல தேத்தண்ணி குடியுங்கோ!"

வந்தவர் வாய் நனைக்குமுன் யார், என்ன என்று விசாரிப்பது ஹிதாயாவின் வீட்டில் பெரிய மரியாதைக் குறைவு. தேத்தண்ணி வந்தது, தொதல் வந்தது, வட்டிலாப்பம் வந்தது. நாளைக்கென்று செய்ததெல்லாம் இன்றைக்கே வந்தது. மனிதர் வாயைத் திறந்தபோதெல்லாம் இன்னொரு துண்டு தொதல் நீட்டப்பட்டது.

"உங்கட படத்தைப் பதினேழு தரம் பாத்திட்டன்."

அவருக்குப் புரையேறியது. "எ... என்ன படம்? நான் படமே பாக்கிறதில்ல!"

"பாருங்கோவன், இப்பவும் நடிக்கிறார்!" ஹிதாயா குலுங்கிச் சிரித்தாள். "அந்தத் தட்டைத் தள்ளுற இடத்தை ஒருக்காச் செய்து காட்டுங்கோ. ம், தள்ளுங்கோ!"

அவள் தட்டை அவர் பக்கம் தள்ளினாள். அவர் பதறிப்போய் அவள் பக்கம் தள்ளினார். இரண்டு பக்கமும் இழுபட்டு, வட்டிலாப்பம் அவர் இடுப்பில் கட்டியிருந்த வெள்ளைச் சாரத்தில் கவிழ்ந்தது. மனிதர் துள்ளி எழும்பினார். கதிரையும் கூடவே எழும்பியது.

"இப்பிடியெண்டா இந்தக் கலியாணம் நடக்காது!"

"அச்சொட்டா அப்பிடியே!" ஹிதாயா கை தட்டினாள். பாஹிம் அதைப் போனில் பிடித்துக் குடும்பக் குறூப்பில் போட்டும் விட்டார். மாப்பிள்ளையின் உம்மாவை, ஹாஜியாரின் தங்கச்சி முஸ்பிராவை, அந்தக் குறூப்பில் சேர்த்து ஒரு கிழமைதான் ஆகிறது.

உடனே முஸ்பிராவின் கோல் வந்தது.

"மச்சி, என்ன நடந்தது? எங்கட காக்கா ஏன் கலியாணம் நடக்காது எண்டு கத்துறார்? நாளைக்கு வாறன் எண்டவர், இண்டைக்கே வந்திட்டாரா?"

ஹிதாயா திரும்பி அந்த மூக்கு மச்சத்தைப் பார்த்தாள். கடலரசன் இல்லை, ஹாஜியார்! அறைக் கதவுக்குப் பின்னால் றிம்ஷா விம்முவது கேட்டது.

"இல்ல மச்சி... அது சும்மா நடிப்பு..."

"நடிப்பா? எங்கட காக்காவா? எங்கட வாப்பா கேட்டாரெண்டா அவரை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டார்!"

ஹாஜியார் வேண்டாம் வேண்டாம் என்று இரண்டு கைகளையும் ஆட்டினார். ஹிதாயாவுக்கு இன்னும் பதற்றம் கூடியது.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ காக்கா! உங்களைப் போய்ப் படக்காரன் எண்டு நினைச்சுப்போட்டன். அந்தக் கோமாளி எங்க, நீங்க எங்க!"

"கோமாளியா?" என்றார் ஹாஜியார். ஏனோ, கோபத்தைவிட மனவருத்தம்தான் அந்த முகத்தில் அதிகம் தெரிந்தது. பிறகு சட்டென்று போனை வாங்கினார்.

"முஸ்பிரா, பிள்ளை தங்கமான பிள்ளை. கலியாணம் நடக்கும். அந்த வீடியோவை வாப்பாட கண்ணில மட்டும் காட்டிப்போடாத."

போனைத் திருப்பிக் கொடுத்தவர் குரலைத் தாழ்த்தினார். "திகதியை நீங்களே வையுங்கோ. படம் கிடம் எண்டு எங்கட வீட்டில ஒரு சொல்லுக் கதைக்கக் கூடாது. சரியா?"

ஹிதாயாவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. சாரத்தில் வட்டிலாப்பத்தைக் கொட்டி, கோமாளி என்ற கதையும் கதைத்த பிறகு, யாராவது சம்மதம் சொல்வார்களா? சொன்னாரே! சந்தோசப்படுவதா, பயப்படுவதா என்று தெரியாமல் பாஹிமைப் பார்த்தாள். அவர் கவிழ்ந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது ஓட்டோக்கார யசோதரன் வாசலில் தலையை நீட்டினான். கையில் கறுப்பாக ஏதோ இருந்தது.

"ஐயா, தலைமன்னாரில டிரெக்டர் காத்துக்கொண்டு நிக்கிறாராம். இந்தாங்கோ, உங்கட மீசையைச் சீற்றில விட்டிட்டு வந்திட்டீங்கள்."