மைக்செட் அண்ணாச்சியும் எல்.கே.ஜி. வெள்ளிக்கிழமைகளும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து செட்டியார்பட்டி வரை எத்தனை வகைச் சத்தம் உண்டோ அத்தனைக்கும் ஒரே ஒரு ஆள்தான் பொறுப்பு என்று எந்தக் கோர்ட்டில் வேண்டுமானாலும் நான் சத்தியம் செய்வேன். அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ரேஷன் கார்டில் இருக்கலாம். எங்கள் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. மைக்செட். மரியாதை தெரிந்தவர்களுக்கு மைக்செட் அண்ணாச்சி. கல்யாணம், காதுகுத்து, கோயில் கொடை, கட்சிக் கூட்டம் எதுவானாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது அவர் தொழில். தொழிலைத் தொழிலோடு விட்டிருந்தால் நமக்கு என்ன வம்பு? மனிதர் அதை எல்.கே.ஜி. வகுப்புக்குள் கொண்டுவந்தார்.

பள்ளிக்கூடம் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டை ஒட்டி இருந்தது. ராஜபாளையத்து வேனும் எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வேனும் அங்கேதான் வந்து பிள்ளைகளைக் கொட்டும். வகுப்பு டீச்சர் ரஷீதா மிஸ். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் வாட்ஸ்அப் குரூப்பில் அவரிடமிருந்து செய்தி வரும். இந்த வாரம் பிள்ளைகள் கற்கப்போவது இன்னது, அதற்கு வீட்டில் நீங்கள் செய்யக்கூடிய உதவி இன்னது. நிறங்கள் வாரமா, அடுப்படியில் சிவப்பாக என்னென்ன இருக்கிறது என்று தேடச் சொல்லுங்கள். எண்கள் வாரமா, சாப்பாட்டுத் தட்டு வைக்கும்போது எண்ணச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முந்தின கடைசிப் பீரியட் குடும்பங்களுக்கு. விருப்பப்பட்ட பெற்றோர் வந்து அந்த வாரப் பாடத்தை ஒட்டி ஏதாவது காட்டலாம், பேசலாம்.

நாங்கள் செய்த உதவியையும் சொல்லிவிடுகிறேன். செய்தி வந்த நிமிஷமே ஆளுக்கொரு கும்பிடு போடுவோம். அதோடு மறந்துவிடுவோம். வியாழக்கிழமை ஞாபகம் வந்து, பிள்ளை அடிக்க வேண்டிய கலரை நாமே அடித்து அனுப்புவோம். நான் கலர் அடித்த மாம்பழத்துக்கு மிஸ் நட்சத்திரம் ஒட்டியபோது, என் வீட்டுக்காரரிடம் காட்டி ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன். ஊர் உலகத்தில் எல்லோரும் இப்படித்தான் பிள்ளை வளர்க்கிறார்கள். மைக்செட் ஒருவர்தான் அந்தச் செய்தியை அரசாங்க உத்தரவு மாதிரி எடுத்துக்கொண்டார்.

முதலில் நிறங்கள் வாரம் வந்தது. நாங்கள் இரண்டு தக்காளியைக் காட்டி முடித்துக்கொண்டோம். வெள்ளிக்கிழமை பார்த்தால், வகுப்பு ஜன்னல், கரும்பலகை, மிஸ் உட்காரும் நாற்காலி எல்லாவற்றிலும் சீரியல் செட் தொங்குகிறது. வாசலில் ஆள் உயரத்துக்கு மயில் ஒன்று பல்பிலேயே தோகை விரித்து மூடுகிறது. பிள்ளைகள் திருவிழா என்று முடிவுசெய்து பலூன் கேட்டு அழுதார்கள். என் மகன் நிலவன் ராட்டினம் எங்கே என்று கேட்டான்.

"மிஸ், இது செவப்பு, இது பச்சை. இந்தா ரெண்டும் ஓடும் பாருங்க!" என்று மைக்செட் ஒரு ஸ்விட்சைத் தட்டினார்.

ஓடியது. கூடவே பள்ளிக்கூடத்து ஃபியூஸும் ஓடிப்போனது. மோட்டார் நின்று, தொட்டியில் தண்ணீர் இல்லாமல், அன்று மதியம் சாம்பார் கையோடு வீட்டுக்கு வந்த பிள்ளைகளை நான் மறக்கவில்லை.

அடுத்து, ஒலிகள் வாரம். 'வீட்டில் கேட்கும் ஒலிகளைப் பிள்ளை கவனிக்கட்டும்' என்று மிஸ் பாவம் சாதாரணமாகத்தான் எழுதியிருந்தார். மைக்செட் தன் வீட்டுக் குக்கர் விசிலைப் பதிவுசெய்து கொண்டுவந்து, இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்துப் போட்டார். பள்ளிக்கூடத்தில் சமைக்கும் அக்கா அடுப்பை அணைக்க ஓடினார். ரோட்டில் போன ஒருவர் மில்லில் ஷிஃப்டுக்குச் சங்கு ஊதிவிட்டதாக நினைத்து சைக்கிளை மிதித்தார் என்று வேன் டிரைவர் சொன்னார். அதை நான் நம்புகிறேன்.

எண்கள் வாரத்தில் நல்லவேளையாக அவருக்கு ராஜபாளையத்தில் ஒரு கல்யாண வேலை. நேரில் வரவில்லை. அதற்குப் பதில் குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டார், எக்கோ வைத்து. "ஒண்ணு... ண்ணு... ண்ணு... ரெண்டு... ண்டு... ண்டு..." நிலவன் அதைக் கேட்டுக் கேட்டு, எண்கள் என்றாலே அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொண்டான். கடையில் மிட்டாய் கேட்கும்போதுகூட "மூணு... ணு... ணு" என்பான். மாமியார் பயந்துபோய் மந்திரிக்கக் கூட்டிப்போகலாம் என்றார்.

'நம் ஊர்' வாரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் சொல்லிவைத்தாற்போல் எல்லோரும் பால்கோவா கொண்டுபோனோம். ராஜபாளையத்துக்காரர்கள் எல்லோரும் நாய்ப் படம். மைக்செட், தேர் இழுக்கும்போது கூட்டம் போடும் கோவிந்தா கோஷத்தைப் பதிவுசெய்து கொண்டுவந்தார். முழுச் சத்தத்தில் போட்டதும் பிள்ளைகளுக்கு ஆவேசம் வந்துவிட்டது. மிஸ்ஸின் மேஜையை வடம்பிடித்து வராந்தா வரை இழுத்துவிட்டார்கள். மேஜைமேல் இருந்த பால்கோவா அத்தனையும் மண்ணில் கிடந்தது.

"பாத்தீங்களாக்கா, எம்புட்டு உற்சாகம்!" என்றார் என்னிடம். பக்கத்தில் நிற்பவரிடம் பேசும்போதும் எதிர்த்தெருவுக்குப் பேசுகிற குரல். என் பால்கோவாவைப் பார்த்துக்கொண்டு நான் அவரை மனதுக்குள் சொன்ன வார்த்தைகளை இந்தப் பத்திரிகை அச்சிடாது.

இத்தனை ஆர்ப்பாட்டமும் யாருக்காக? அவர் மகளுக்காக. பெயர் தேன்மொழி. வகுப்பில் சேர்ந்த நாளிலிருந்து அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. பாட்டு கிடையாது, பதில் கிடையாது, 'உள்ளேன் மிஸ்' கூடக் கிடையாது. அவ்வளவு ஏன், தலைகூட ஆட்டாது. அப்பா ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் மைக்கை அதன் முகத்துக்கு நேரே நீட்டி, "சொல்லுத்தா, சும்மா சொல்லு" என்பார். பிள்ளை நகர்ந்து நகர்ந்து பாக்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துவிடும். அடுத்த வாரம் அவர் இன்னும் பெரிய பாக்ஸ் கொண்டுவருவார்.

ஒரு நாள் கேட் அருகில் மிஸ் அவரிடம் பேசிக்கொண்டிருந்தார். ஒட்டுக்கேட்டேன் என்று சொல்ல முடியாது. மைக்செட் பக்கத்துப் பேச்சு ரோடு முழுக்கக் கேட்டது, மிஸ்ஸும் அதற்கு ஈடாகத்தான் பேசினார்.

"பாப்பாவுக்கு நான் சொல்றது புரியுதான்னே எனக்குத் தெரியலை, அண்ணாச்சி. ஒரு வார்த்தையாவது சொன்னாத்தானே? இப்படியே இருந்தா இன்னொரு வருஷம் எல்.கே.ஜி.யிலயே உக்காரட்டும்னு பிரின்சிபால் மேடம் சொல்றாங்க."

"என்ன, எல்.கே.ஜி.யிலயேவா? மிஸ், வீட்டுல அவ வாய் மூட மாட்டா!"

மிஸ் நம்பியதாகத் தெரியவில்லை. எல்லாப் பெற்றோரும் சொல்கிற பேச்சுதானே இது.

"சவுண்டு ஏறலை மிஸ், அம்புட்டுதான். சின்னத் தொண்டை. வருஷக் கடைசி வெள்ளிக்கிழமைக்குப் பாருங்க, நான் ஏத்தித் தாரேன்."

நான் வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தேன். ஊருக்கெல்லாம் ஸ்பீக்கர் கட்டுகிறவன் வீட்டில் பிள்ளை ஊமைக் கோட்டான். அப்பன் விட்டால்தானே பிள்ளை பேசும் என்று என் வீட்டுக்காரர் சொன்னார். அதற்கும் சிரித்தேன்.

கடைசி வெள்ளிக்கிழமை வந்தது. ஒவ்வொரு பிள்ளையும் அந்த வருஷம் கற்றதில் ஏதாவது ஒன்றைச் சொல்ல வேண்டும். பெற்றோர் எல்லோரும் வரவேண்டும். பிரின்சிபால் மேடமும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். மைக்செட் விடிந்ததும் வந்து, வேப்பமரத்தில் ரோட்டைப் பார்த்து இரண்டு குழாய், உள்ளே பாக்ஸ், நடுவில் ஆம்ப்ளிஃபயர் என்று ஒரு மாநாட்டுக்கு உண்டான ஏற்பாடு செய்திருந்தார். நிகழ்ச்சியை நடத்தப்போவதும் அவரே என்று அவரே முடிவுசெய்து, சட்டைக் காலரில் குட்டி மைக் ஒன்றை மாட்டிக்கொண்டிருந்தார்.

"அன்பான பெற்றோர்களே, இதோ அடுத்ததாக!" என்று பாலுக்கு அழுகிற வயசுப் பிள்ளைகளை ஒவ்வொன்றாக அறிமுகம் செய்தார். என் மகன் பத்து வரை எண்ணுவதாக ஏற்பாடு. ஐந்து வரை எக்கோவோடு சொல்லி நின்றுவிட்டான். நான் குனிந்து செருப்பைச் சரிசெய்வதுபோல் பாவனை செய்தேன்.

"இதோ, தேன்மொழி!" என்றார் மைக்செட். மரத்துக் குழாயும் அதைச் சொன்னது.

பிள்ளை எழுந்தது. கூட்டத்தைப் பார்த்தது. பின்வாசல் வழியாக ஒரே ஓட்டம். மைக்செட்டும் பின்னால் ஓடினார். பிரின்சிபால் மேடம் ரஷீதா மிஸ்ஸைப் பார்த்த பார்வையில் விஷயம் முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது.

செத்த நேரத்தில் பாக்ஸில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. காலர் மைக்கை மனிதர் அணைக்கவில்லை. வாழ்நாளெல்லாம் ஊரான் மைக்கை அணைத்தவருக்குத் தன் மைக் மறந்துவிட்டது.

"என்னத்தா, பயமா? இங்க வா, அப்பா காதுகிட்ட சொல்லு."

பிறகு ஒரு குரல். அந்த வருஷம் முழுக்க நாங்கள் யாரும் கேட்காத குரல்.

"எப்பா, நீ ஏன் அந்தக் கொழாயைக் கொண்டாந்த? எனக்குக் காது வலிக்கி."

"சரித்தா. படிச்சதெல்லாம் மறந்துபோச்சா?"

"மறக்கலை. செவப்புன்னா தக்காளி, மொளகா வத்தல், கேஸ் சிலிண்டர். பத்து வரைக்கும் எண்ணுவேன், பொறவு இருபது வரைக்கும் எண்ணுவேன். நெலவனுக்கு அஞ்சுக்கு மேல தெரியாது. அவனுக்கு அவுக அம்மாதான் கலர் அடிச்சுக் குடுக்காக. கோட்டுக்கு வெளிய வெளிய போயிருக்கு."

மொத்த வகுப்பும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ரோட்டில் போன பஸ்ஸும் பார்த்திருக்கும்.

"மிஸ் இருக்காகள்ல, 'கண்ணுகளா, வாயில விரல்'னு சொல்லுவாக. மேடம் வந்தா டக்குனு எந்திரிச்சு நிப்பாக. மேடம் போனதும் உஃப்னு ஊதுவாக." அந்த 'கண்ணுகளா' அப்படியே ரஷீதா மிஸ்ஸின் குரல். அந்த 'உஃப்' அதைவிட அப்படியே. மேடம் மிஸ்ஸைப் பார்க்க, மிஸ் சீலிங் ஃபேனைப் பார்த்தார்.

"இம்புட்டும் தெரியும்னா அங்க ஏன்த்தா சொல்ல மாட்டேங்க?"

"நீதான் பேசிக்கிட்டே இருக்கியே. நீ நிப்பாட்டுனா நான் சொல்லுவேன்."

பாக்ஸில் ‘டக்’ என்று ஒரு சத்தம். மைக்கை அணைத்துவிட்டார்.

இரண்டு பேரும் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். மைக்செட் நேராகப் போய் ஆம்ப்ளிஃபயர் வயரைப் பிடுங்கினார். நின்றுகொண்டிருந்த ஸ்டாண்டு மைக்கை மடக்கி மூலையில் சாய்த்தார். பெற்றோர் பக்கம் வந்து, கடைசி வரிசையில் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வாயில் விரலை வைத்துக்கொண்டார், எல்.கே.ஜி. பிள்ளைகள் வைத்துக்கொள்வது மாதிரியே.

மிஸ் பிள்ளைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார். தேன்மொழி அப்பாவை ஒருமுறை பார்த்தது. விரல் வாயில் இருக்கிறது என்று உறுதி செய்துகொண்டது. பிறகு பேச ஆரம்பித்தது. கொசு ரீங்காரம் அளவுக்குத்தான் குரல். மேடம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். நாங்கள் எல்லோரும் கழுத்தை நீட்டினோம்.

அப்போது என் கையை யாரோ மெல்லத் தட்டினார்கள். மைக்செட். அந்த மனிதருக்கு மெதுவாகப் பேசவும் தெரியும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

"அக்கா, என்ன சொல்லுதா?"

முதலில் எனக்குப் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபோதுதான் புரிந்தது. குழாய்க்குப் பக்கத்திலேயே நின்று நின்று காது போய்விட்டிருக்கிறது. அவருக்குக் கேட்கிற சத்தம் என்றால் அது நம் காதைக் கிழிக்கிற சத்தம். மகள் வீட்டில் காதோடு காதாகப் பேசினால் கேட்கும். பத்தடி தூரத்தில், வகுப்பில் முதல் முறையாகப் பேசுகிறாள், அவருக்கு அது கேட்கவில்லை.

நான் அவர் காதருகே குனிந்தேன். "தக்காளி சொல்லுதா அண்ணாச்சி. மொளகா வத்தல் சொல்லுதா. இப்ப எண்ணுதா. பதினொண்ணு, பன்னெண்டு..."

அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். வாயிலிருந்து விரலை எடுக்கவே இல்லை. கண்ணிலிருந்து வழிந்தது அந்த விரல்மேலேயே இறங்கியது. இருபது வந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அதை அவரே பார்த்துக்கொண்டார்.

"எல்லாருக்கும் கேட்டுச்சாக்கா?"

"கேட்டுச்சு அண்ணாச்சி."

அவருக்கு அது எட்டவில்லை. "என்னக்கா?" என்று காதை என் பக்கம் திருப்பினார்.

"கேட்டுச்சு அண்ணாச்சி, எல்லாருக்கும் கேட்டுச்சு!" என்று நான் போட்ட சத்தத்தில் மேடம் திரும்பி முறைத்தார். மிஸ் 'வாயில விரல்' என்று சைகை காட்டினார். என் மகன் வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டான். காட்டட்டும், மூடட்டும். அந்த மனுஷனுக்குக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.