குளிர்மேல் போட்ட பழி

என் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை என்பதில் எனக்கிருந்த உறுதி, உலகத்தில் எந்த டாக்டருக்கும் இருந்திருக்காது.

கீழ் கோத்தகிரியில் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரி ஓட்டுகிறேன். அப்போதெல்லாம் தோட்டத்திலிருந்து ஃபேக்டரி போவதற்குள் நாலு வளைவில் வண்டியை ஓரங்கட்டி இறங்குவேன் (எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை). கேட்டால், "குளிருல எல்லாருக்கும் அப்படித்தானுங்க" என்பேன். சித்திரை வெயிலிலும் அதையேதான் சொன்னேன்.

கல்யாணமாகி ஐந்து வருடம், குழந்தை இல்லை. என் மனைவி கவிதா எல்லா டெஸ்ட்டும் எடுத்துவிட்டாள். எல்லாம் சரியாகவே இருந்தது. அப்படியும் அம்மா, "அவளை அவங்க ஊட்டுக்கு அனுப்பிட்டு வேற பொண்ணு பாக்கலாம்" என்று ஆரம்பித்துவிட்டாள். நான் வாயைத் திறக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் கவிதா என்னைக் குன்னூர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். டாக்டரம்மா பேசி முடிப்பதற்குள் இரண்டு தடவை பாத்ரூம் போய் வந்தேன்.

"சுகர் பாத்திருக்கீங்களா?"

"எனக்கு எதுக்குங்க? கல்லைத் தின்னாலும் செரிக்கும்."

விரலில் குத்திப் பார்த்தார்கள். மீட்டரை நம்பாமல் நர்ஸ் இன்னொரு விரலிலும் குத்தினார். அடுத்து விந்துப் பரிசோதனை. டப்பா கிட்டத்தட்டக் காலி.

"சுகர் ரொம்ப நாளா இருந்தா நரம்பு கெட்டுப் போகுமுங்க. விந்து வெளிய வராம மூத்திரப்பைக்குள்ள போயிரும். இப்பவே சிறுநீர் குடுங்க, தெரிஞ்சிரும். புராஸ்டேட்டையும் ஸ்கேன்ல பாத்துடலாம்" என்றார் டாக்டரம்மா.

நாலு வளைவில் நிற்கிறவனுக்கு அன்றைக்குப் பார்த்து ஒரு சொட்டு வரவில்லை. வெளியே எங்கள் எஸ்டேட் ஆட்களே ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். நர்ஸ் கதவைத் தட்டினார். "அண்ணா, இன்னும் வரலீங்களா?"

"ஏனுங்க, பைப்பைத் திறந்து உடுங்க. சத்தம் கேட்டா வரும்" என்றாள் கவிதா. அவள் குரல் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

வந்தது. டாக்டரம்மா சொன்னபடியே விந்து அதில்தான் இருந்தது. புராஸ்டேட் தப்பித்தது. நான் மாட்டிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அம்மாவிடம் சொன்னேன். "கவிதாகிட்ட ஒரு குறையும் இல்லைம்மா. குறை எனக்குத்தான்."

வேறு பெண் பார்க்கும் பேச்சு அத்தோடு நின்றது. சுகரைக் கட்டுக்குள் கொண்டுவந்து, வைத்தியமும் பார்த்து, இப்போது எங்களுக்கு மூன்று வயதில் மகள் இருக்கிறாள்.

கல்யாணப் பந்தியில் யாராவது ஒரு மருமகளிடம் "விசேஷம் ஏதாச்சும் உண்டா?" என்று கேட்டால் போதும், அம்மா குறுக்கே விழுவாள். "மொதல்ல பையனுக்குச் சுகர் பாருங்க. எங்க ஊட்டுல இவனாலதான் ஏமாந்தோம்." பந்தியே என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். அந்தக் கேள்விக்குப் பயந்து கல்யாணங்களுக்கே வராமலிருந்த கவிதா, சாவகாசமாக இரண்டாம் தடவை பாயசம் கேட்டு வாங்குவாள். எனக்குப் பாயசம் கிடையாது.